பந்துக்குப் பின்னால் ஒரு விரற்கடை

நான் கோல்ஃப் ஆடுவேன் என்று ராயபுரத்தில் யாரிடமாவது சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, இதுவரை எத்தனை தடவை பந்தை அடித்திருக்கிறாய் என்று கேட்பார்கள். ஒரே ஒரு தடவை என்று சொன்னால் அந்தச் சிரிப்பு இரண்டு மடங்காகும். ஆனால் அந்த ஒரு தடவைக்கு முன்னால் ஏழு மாதம் மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். பந்திக்குப் போய்ச் சாப்பிடாமல் இலையை மட்டும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை யாராவது பார்த்திருந்தால் அது நான்தான்.

எனக்குத் தொழில் கிரேன் ஓட்டுவது. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில், கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கி வைக்கும் ஒரு யார்டு. அங்கே ஆறு மாடி உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட கூண்டு ஒன்று தொங்கும். அதற்குள் ஒரு நாற்காலி, நாற்காலியின் இரண்டு கைப்பிடியிலும் கியர் போல ஆளுயரமில்லாத ஒரு குச்சி. குச்சியை அசைத்தால் கீழே ஒரு இரும்புச் சட்டம் இறங்கும். சட்டத்தின் நான்கு மூலையிலும் நான்கு கொண்டி. பெட்டியின் நான்கு மூலையிலும் நான்கு ஓட்டை. கொண்டி நான்கும் ஓட்டை நான்கில் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். மற்றவர்கள் இறக்கினால் டங்கென்று ரோட்டில் நிற்கும் லாரி வரிசை வரைக்கும் கேட்கும். நான் இறக்கினால் கேட்காது. இதை நானே சொல்லக் கூடாது. வேறு யாரும் சொல்லாததால் பதினெட்டு வருஷமாக நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

சத்தம் கேட்காமல் இறக்குவதற்கு ஒரே வழிதான். சட்டத்தைப் பெட்டிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிறுத்திவிட வேண்டும். தொடக் கூடாது. அது தொங்கும் கம்பியின் ஆட்டம் அடங்கும்வரை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு காத்திருந்து, அடங்கியதும் இறக்க வேண்டும். அவசரப்பட்டுத் தொட்டவன் கெட்டான். பெட்டியை டிரெய்லரில் வைக்கும்போதும் இதே கதைதான்.

டிரெய்லர் பக்கத்தில் நின்று எனக்குக் கை காட்டுவது ஒரு சிக்னல்மேன். திருவொற்றியூர்க் குப்பத்துக்காரன், என் வயதுதான். நான் அந்தக் கூண்டில் ஏறிய வருஷம்தான் அவனும் கீழே வந்து நின்றான். இடுப்பில் வாக்கி டாக்கி இருந்தாலும் எங்களுக்குள் அது தேவைப்பட்டதில்லை, அவன் கை போதும். விதிப்படி அவன் ஏழெட்டுக் காலடி தள்ளி நிற்க வேண்டும். அவனோ டிரெய்லரின் பின்மூலையில், பெட்டி வந்து உட்காரும் இடத்துக்குக் கை எட்டும் தூரத்தில் நிற்பான். என் கைமேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்குக் கிடைத்த பெரிய சர்டிபிகேட் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், முப்பத்திரண்டு வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கிண்டிப் பக்கம் போய் கோல்ஃப் ஆடுகிறவர். மற்ற நாளில் கை துருப்பிடித்துவிடும் என்று ஆபீசுக்குப் பின்னால் ஒரு வலையைக் கட்டி, பச்சைப் பாயை விரித்து, சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பந்து அடிப்பார். நாங்கள் நெத்திலிக் குழம்பைப் பிசைந்துகொண்டே அதை வேடிக்கை பார்ப்போம். அவர் பந்தை அடிப்பதைவிட அடிப்பதற்கு முன்னால் நிற்பதுதான் அதிக நேரம். மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைப்பார், தலையைத் தூக்கி வலையைப் பார்ப்பார், மறுபடி குனிவார், காலை மாற்றுவார். ஏன் சார் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, பாதி ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது என்றார். மட்டையின் முகம் போக வேண்டிய திசையை நேராகப் பார்க்க வேண்டுமாம். பந்தைத் தொடவும் கூடாது, விலகியும் இருக்கக் கூடாது. ஒரு விரற்கடை. அதில் கோணினால் அடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பந்து வேறு ஊருக்குப் போய்விடும் என்றார். பிறகு மரியாதைக்கு, நீங்களும் ஒரு தடவை அடித்துப் பாருங்கள் என்று மட்டையை என் பக்கம் நீட்டினார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் சும்மா வாங்கி அடித்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

“அடிக்கறது எவன் வேணா அடிப்பான் சார். வெக்கறதுதான் வேல. நாப்பது டன் பொட்டிய சத்தமில்லாம வெக்கறவன் நானு. இத்த வெக்க மாட்டனா?”

பத்துப் பேர் எச்சில் கையோடு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். நான் கால்களை அகட்டி நின்று, மட்டையைப் பந்துக்குப் பின்னால் கொண்டுபோய், பாய்க்கு மேல் அரை அங்குல உயரத்தில் அந்தரத்தில் நிறுத்தினேன். பெட்டிக்கு மேல் சட்டத்தை நிறுத்துகிற அதே பழக்கம். ஒரு விநாடி நன்றாக நின்றது. இரண்டாவது விநாடியில், கோழி தவிடு கொத்துவது போல மட்டை பந்தைக் கொத்த ஆரம்பித்தது. டக், டக், டக். நிறுத்த நிறுத்த இன்னும் வேகமாகக் கொத்தியது. பந்து பாயை விட்டு இறங்கி உருண்டு, மேனேஜரின் ஷூவில் போய் முட்டி நின்றது.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் காற்று என்றேன். வலை அசையவில்லை. மட்டை ரொம்ப லேசு, என் கைக்குக் கனம் பத்தவில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் அது. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. சிரிக்காதவன் ஒருத்தன் மட்டுமே இருந்தான். என் சிக்னல்மேன் குனிந்து தன் டிபன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். குழம்பில் முள் தேடுகிறான் என்று நினைத்தேன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கை நடுங்குவது எனக்கு அன்றைக்குத் தெரிந்த விஷயம் இல்லை. அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே டீக்கடையில் அரை கிளாஸ்தான் வாங்குவேன். சர்க்கரை வந்துவிடும் என்று காரணம் சொல்வேன். முழு கிளாஸ் வாங்கினால் சட்டை குடித்துவிடும். மாதா கோவிலில் பூசை முடிவில் நன்மை அப்பம் வாங்கும்போது கையில் வாங்குவதை விட்டுவிட்டு நாக்கை நீட்ட ஆரம்பித்தேன். எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் சேரச் சொல்லிக்கூட இரண்டு பேர் வந்து போனார்கள். கூண்டுக்குள் மட்டும் பிரச்சினை இல்லை என்று நம்பினேன். அங்கே முழங்கை நாற்காலியில் சாய்ந்திருக்கும். நடுக்கம் குச்சி வரைக்கும் போகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் ஐம்பது தாண்டிய ஆபரேட்டருக்கு வருஷா வருஷம் ஜனவரியில் டாக்டர் பரிசோதனை உண்டு. கண், ரத்த அழுத்தம், கடைசியில் இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்வார். போன ஜனவரியில் கையை நீட்டி வேகமாக மடக்கித் தப்பித்திருந்தேன். அடுத்த ஜனவரியில் அது நடக்காது. கையெழுத்துக் கிடைக்காவிட்டால் கூண்டு போயிற்று. கூண்டிலிருந்து இறங்கினால் நான் யார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பயமாக இருந்தது. பயந்தவன் டாக்டரிடம் போக வேண்டும். நான் கோல்ஃப் மட்டையிடம் போனேன்.

மட்டையை அந்தரத்தில் ஆடாமல் நிறுத்தப் பழகிவிட்டால் கை சரியாகிவிடும் என்பது என் வைத்தியம். மேனேஜரிடம் ஒரு பழைய மட்டையைக் கேட்டு வாங்கினேன். அவருக்கோ யார்டில் ஒரு கோல்ஃப் ரசிகர் கிடைத்த ஆனந்தம். அதைப் பழைய நாளிதழில் சுற்றி மின்சார ரயிலில் எடுத்துக்கொண்டு வந்தேன். எதிரில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாக்கடை அடைப்பு எடுக்கிற கம்பியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் வீட்டுச் சந்திலும் அடைத்துக்கொண்டிருக்கிறதாம், ஒருநாள் வர முடியுமா என்று விலாசம் சொன்னாள்.

தினமும் காலையில் மொட்டை மாடி. துணிக்கொடிகளுக்கு நடுவில், துறைமுகத்துக் கிரேன்கள் தெரிகிற மூலையில் என் பயிற்சி. பந்து இல்லாததால் எலுமிச்சம்பழம். மட்டையை அதற்குப் பின்னால் ஒரு விரற்கடை விட்டு அந்தரத்தில் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். ஐந்து வரை எண்ணினால் வெற்றி. பெரும்பாலும் மூன்றில் பழம் உருண்டு தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய்விடும். அடிபட்ட பழமெல்லாம் அன்றைக்கே ரசத்தில் விழும். மாடியில் அடிக்க இடமில்லை. எனக்கு அடிக்கிற எண்ணமும் இல்லை. ஒருநாள் துணி காயப்போட வந்த மனைவி பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

“இன்னாய்யா, மூணு மாசமா வெச்சிக்கினே கீற. எப்பதான் அடிப்ப?”

வைக்கிறதுதான் வேலை, உனக்குப் புரியாது என்றேன். அவளுக்குப் புரிந்திருந்தது என்று பின்னால் தெரிந்தது. வீட்டில் எனக்கு மட்டும் டம்ளர் மாறிப் பெரிய லோட்டா வர ஆரம்பித்து அப்போதே பல மாதம் ஆகியிருந்தது. அதை நான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்புதான், ஆனால் நான் நினைத்த காரணத்துக்காக இல்லை.

டிசம்பர் வந்தது. ஒருநாள் மேனேஜர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் பச்சைப் பாயில் போய் நின்றேன். மட்டை வழக்கம்போலக் கொத்திக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

“அண்ணா, ஏன் தூக்கிப் பிடிச்சிட்டே நிக்கறீங்க? கீழ வெச்சுடுங்ணா. தரை தாங்கிக்கும்.”

ஆறு மாதம் அவர் ஆடுவதைப் பார்த்தவன் நான். அவர் மட்டையின் அடி பாயில் அமர்ந்திருந்ததை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. தொங்குகிற பொருளைக் கீழே தொட விடக் கூடாது என்பது என் தொழில் புத்தி. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அந்தரத்திலேயே பிடிக்க வேண்டும் என்று அது எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் சொன்னபடி மட்டையைப் பந்துக்குப் பின்னால் லேசாகத் தரையில் வைத்தேன். கனத்தைத் தரை வாங்கிக்கொண்டது. கொத்துவது நின்றது. மட்டையின் முகம் வலையை நேராகப் பார்த்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மேனேஜர் அதை விளையாட்டு ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்.

புத்தியுள்ளவனாக இருந்தால் அங்கேயே யோசித்திருப்பான். எனக்கு உடனே ஒரு திருட்டு யோசனை வந்தது. தரை தாங்கினால் நடுக்கம் தெரியவில்லை. அப்படியென்றால் டாக்டர் கையை நீட்டச் சொல்லும்போது முழங்கை இரண்டையும் விலாவில் ஒட்டி, விரல் நுனியை மேசை விளிம்பில் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டால்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். அன்றிரவு டி.வி. வைத்திருக்கும் மேசை முன் நின்று ஒத்திகை பார்த்தேன். பிரமாதமாக மறைந்தது.

மறுநாள் இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சிக்னல்மேனைப் பாய்க்கு இழுத்துக்கொண்டு போய், மட்டையைத் தரையில் வைத்து, பார்த்தாயா, அசையவில்லை பார் என்று காட்டினேன். ஜனவரித் திட்டத்தையும் சொன்னேன். அவன் மட்டையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

“மட்டயத் தரையில வெக்கலாம் மாமு. பொட்டிய?”

அவ்வளவு சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பொறாமை என்று நினைத்தேன். என்ன பொறாமை, எதன்மேல் பொறாமை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு முதல் டிரெய்லர் வந்தது. பெட்டியைத் தூக்கி, அதன்மேல் கொண்டுவந்து, அந்தரத்தில் நிறுத்தினேன். ஆட்டம் அடங்கக் காத்திருந்த நேரத்தில் கண்ணாடித் தரை வழியாகக் கீழே பார்த்தேன். அவனுடைய மஞ்சள் ஹெல்மெட் டிரெய்லர் மூலையில் இல்லை. தள்ளி, மழைநீர்க் கால்வாயின் சிமென்ட் மூடிமேல் நின்று கை காட்டிக்கொண்டிருந்தான். அந்த மஞ்சள் புள்ளி அங்கே இருப்பது எனக்குப் புதிதாகவும் இல்லை. பல நாளாக அங்கேதான் பார்த்திருக்கிறேன். பார்த்ததை மனதில் வாங்கவில்லை. எங்களுக்குள் தேவைப்பட்டிராத வாக்கி டாக்கியை எடுத்து, ஏன் அவ்வளவு தூரத்தில் நிற்கிறாய் என்று கேட்டேன்.

கரகரவென்று அவன் குரல் வந்தது.

“அன்னிக்கு நீ அந்த மட்டயப் புடிச்சியே, அன்னிலேர்ந்து இங்கதான் மாமு நிக்கறேன்.”

அவனே மறுபடி பேசினான்.

“வூட்ல ரெண்டு பொண்ணு கீது மாமு.”

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்? பதினெட்டு வருஷமாகத் தற்பெருமை பேசுகிற ஒருவனிடம் இதை எப்படிச் சொல்வது? புகார் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. வேறு கிரேனுக்கு மாற்றல் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஆறு மாதம் எனக்குக் கீழேயே வேலை செய்தான். ஏழு காலடி தள்ளி நின்று செய்தான். விதி என்ன சொல்கிறதோ அதைத்தான் அவன் செய்தான் என்பது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வெட்கமாக இருந்தது.

அந்தப் பெட்டியை இறக்கினேன். டங்கென்று கேட்டது. அதற்கு முன்னாலும் எத்தனை தடவை கேட்டிருக்குமோ; நான் கேட்க விரும்பாததால் எனக்குக் கேட்கவில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டு ஏணியில் இறங்கினேன். நேராக மேனேஜர் அறைக்குப் போய், அவர் மேசைக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டினேன். எதையும் தொடாமல், எதன்மேலும் சாயாமல். அவர் முதலில் என் கையில் ஏதோ கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து எட்டிப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு எழுந்து நின்றார். உட்காருங்கண்ணா என்று தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். என்ன தோன்றிற்றோ, மூடியைத் திறந்து தானே பிடித்துக்கொண்டார்.

டாக்டர் இது பரம்பரையாக வருகிற நடுக்கம், உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூண்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவரைத் திட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. காரணம் கிடைக்கவில்லை.

யார்டை விட்டு என்னை அனுப்பவில்லை. கண்ட்ரோல் ரூமில் உட்கார வைத்தார்கள். எந்தப் பெட்டி எந்த வரிசைக்கு, எந்த டிரெய்லர் எங்கே என்று மைக்கில் சொல்கிற வேலை. அதற்குக் குரல் நடுங்காமல் இருந்தால் போதும். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த அன்றைக்கு மேனேஜர், வைத்தது போதும், அடித்துவிடுங்கள் என்று மட்டையைக் கொடுத்தார். தரையில் வைத்தேன், தூக்கினேன், அடித்தேன். பந்து வலைக்குப் போகவில்லை. வலைக்கு இரண்டு கெஜம் வலப்பக்கத்தில் நிறுத்தியிருந்த அவருடைய சொந்த பைக்கின் விளக்குக்குப் போயிற்று. ஏழு மாதம் வைக்கப் பழகியவனுக்கு அடி அப்படித்தான் வரும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் சிரித்தபோது இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரித்தேன்.

என் கூண்டுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு வயது, ஏணியில் என்னைவிட வேகமாக ஏறுகிறாள். அவள் முதல் நாள் வேலையைக் கண்ட்ரோல் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பெட்டியை டிரெய்லரில் இறக்கினாள். டங்கென்று என் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். பதினெட்டு வருஷத்துப் பெருமை எங்கே, இது எங்கே என்று சிக்னல்மேனைத் தேடினேன். கால்வாய் மூடிமேல் இருப்பான் என்று அங்கே பார்த்தேன்.

அவன் டிரெய்லரின் பின்மூலையில் நின்றிருந்தான், கை எட்டும் தூரத்தில்.

அடுத்த பெட்டி அவன் தலைக்கு மேல் வந்துகொண்டிருந்தது. விதிப்படி தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியது இப்போது என் வேலை. மைக்கை எடுத்து, கொஞ்சம் தள்ளி நில்லு என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, சரி என்று கையைத் தூக்கிக் காட்டினான். பிறகு நகர்ந்தான், ஒரே ஒரு காலடி.

எனக்காக ஏழு காலடி நகர்ந்தவன் அவன்.